லோயர் ஆர்ம் புஷ் மாற்றும்போது இறுகிப்போன போல்ட்டை எப்படிக் கழற்றக்கூடாது

முன்சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கைதான் லோயர் ஆர்ம்; அது சட்டத்தோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் உருளைதான் புஷ். இந்த முன்பக்க லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்துவிட்டால் காரே சொல்லிவிடும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கீழே 'டொக்' என்று கேட்கும். பிரேக் போட்டால் ஸ்டியரிங் லேசாக ஒரு பக்கம் இழுக்கும். டயரின் உள்விளிம்பு மட்டும் சீக்கிரம் தேயும். வீட்டிலேயே ஆர்மைக் கழற்றி, புஷ்ஷை மட்டும் பிரஸ் உள்ள லேத் பட்டறையில் மாற்றி வாங்கிவருவது பொறுமையுள்ள யாருக்கும் சாத்தியமான வேலைதான். நாளைத் தின்பது புஷ்ஷைத் துளைத்துச் செல்லும் அந்த போல்ட். திருவான்மியூரிலோ தூத்துக்குடியிலோ உப்புக்காற்றில் எட்டு பத்து வருடம் நின்ற வண்டி என்றால் அது லேசில் வராது.

இதில் எல்லாத் தவறுகளுக்கும் தாய் ஒன்று உண்டு: போல்ட்டை எது பிடித்திருக்கிறது என்று பார்க்காமலேயே பலத்தைப் பிரயோகிப்பது. பிடிக்கும் இடங்கள் இரண்டு. ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி வண்டிகளில் உள்ள எல் வடிவ ஆர்மை எடுத்துக்கொள்ளுங்கள். கிடைமட்டமாகப் போகும் போல்ட் முதலில் ஆர்மைத் தாங்கும் பிராக்கெட்டின் ஒரு காதை, அதாவது துளையுள்ள தகட்டை, தாண்டும். பிறகு புஷ்ஷின் நடுவிலுள்ள இரும்புக் குழாய்க்குள் நுழையும். கடைசியில் மறுபக்கக் காதில் பற்றவைத்திருக்கும் நட்டில் மரையேறும். துரு மரையில் பிடித்திருக்கலாம். அல்லது போல்ட்டின் மரையில்லாத உடம்பு அந்தக் குழாயோடு ஒட்டிப்போயிருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கண்டுபிடிக்கக் கையே போதும். ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் கல் மாதிரி நின்றால் பெரும்பாலும் மரைதான். கொஞ்சம் திரும்பி, கையை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தால் திரும்பியது மரையல்ல, ரப்பர். போல்ட்டும் குழாயும் ஒன்றாகச் சுற்றி ரப்பரை முறுக்குகின்றன. 'கழன்று வருகிறது' என்று நினைத்து இதைத் தொடர்ந்து திருப்பினால் ரப்பர் கிழியும். போல்ட் வெளியே நகரும்போது ஒட்டிய குழாயும் கூடவே வந்து பிராக்கெட்டின் காதை உள்ளிருந்து தள்ளும். அந்தக் காது விரிந்தால் புதிய புஷ் சரியாக உட்காராது.

எண்ணெய் விடுவதில் எல்லோரும் செய்யும் தவறு, கண்ணுக்குத் தெரியும் போல்ட் தலையில் அடிப்பது. மரை இருப்பது மறுபக்கம். நட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் மரையை முதலில் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். திருப்பும்போது அந்தத் துரு முழுவதும் நட்டுக்குள்தான் போகப்போகிறது. பிறகு அங்கே ஊடுருவும் எண்ணெயை விடுங்கள். குழாயில் பிடித்திருந்தால் புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய சந்தில் விட வேண்டும். வீட்டிலிருக்கும் சாதாரண டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டத் தோதானது. ஆழமான துருவுக்கு, துரு இளக்குவதற்கென்றே விற்கும் ஸ்பிரே வாங்குவது நல்லது. அடித்த அஞ்சாவது நிமிடம் ஸ்பானரைத் தூக்காதீர்கள். முந்தின நாள் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, படுக்கப்போகும் முன் ஒருமுறை விட்டால் மறுநாள் பாதி வேலை முடிந்திருக்கும்.

கருவி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். திறந்த வாய் ஸ்பானரும் ஸ்க்ரூ ஸ்பானரும் இந்த போல்ட்டின் பக்கத்திலேயே வரக்கூடாது. பன்னிரண்டு முனை சாக்கெட்டும் துருவால் இளைத்த தலையில் வழுக்கி, மூலைகளைத் தேய்த்துவிடும். ஆறு முனை சாக்கெட்தான் வேண்டும். தலையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி முழுதாக இறக்கிவிட்டுத் திருப்புங்கள். ஒருமுறை தலை உருண்டுவிட்டால் ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகிவிடும்.

நெம்புகோலில் பைப் செருகுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். விடுபடும் போல்ட் 'டக்' என்று சத்தம் போட்டு விடுபடும். உடையப்போகும் போல்ட் சத்தமில்லாமல் ஜவ்வு மிட்டாய் போல இழுபடும். கையில் அந்த இளக்கம் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். கால் சுற்று வந்ததுமே ஒரே மூச்சில் கழற்ற முயல்வதும் தப்பு. கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, எண்ணெய், மறுபடி வெளியே என்று போனால்தான் துருத்தூள் மரையை அரைக்காமல் வெளியேறும். எல்லை மீறி இழுத்தால் பற்றவைத்த நட்டே பெயர்ந்து, பிராக்கெட் இருக்கும் சப்ஃபிரேம் என்ற பெட்டிச் சட்டத்துக்குள் சும்மா சுற்றும். அதற்குப் பிறகு சப்ஃபிரேமில் ஓட்டை வெட்டித்தான் அதைப் பிடிக்க முடியும்.

இவ்வளவு பலமும் ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டியின் கீழே படுத்துக்கொண்டு கொடுத்தால் உயிரோடு விளையாடுவதாகும். நீளமான கம்பியை இழுக்கும்போது வண்டியே ஆடும். சமதளமான சிமென்ட் தரை, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட், பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, கழற்றிய சக்கரத்தைப் பக்கவாட்டுச் சட்டத்தின் கீழே படுக்கவைப்பது: இதில் ஒன்றைக்கூட விடாதீர்கள்.

சூடு காட்டுவது நல்ல வழிதான், இடம் தெரிந்தால். சூடு நட்டுக்குப் போக வேண்டும். அது விரிந்தால்தான் பிடி தளரும். போல்ட்டைச் சூடாக்கினால் அது பருத்து இன்னும் இறுகும். 'பழைய புஷ்தானே, எரிந்தால் எரியட்டும்' என்ற எண்ணமும் ஆபத்து. பற்றிய ரப்பர் லேசில் அணையாது. சில வண்டிகளில் புஷ்ஷுக்குள் திரவம் இருக்கும். சூட்டில் அது வெடித்துச் சிதறும். பக்கத்திலேயே பிரேக் ஹோஸும், ஆர்மின் நுனியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறையும் இருக்கின்றன. எண்ணெய் அடித்த இடத்தைத் துடைக்காமல் தீயைக் காட்டாதீர்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீயே வேண்டாம்: குளோரின் கலந்த வகை என்றால் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு வரும்.

போல்ட்டின் மரை முனையில் நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் முனை பூத்துவிடும், பிறகு எந்தத் துளை வழியாகவும் வராது. தனி நட்டு உள்ள வகையென்றால், முனையோடு சமமாக நட்டை ஏற்றிவிட்டு, பித்தளைக் கம்பியை வைத்து அடியுங்கள்.

குழாயில் ஒட்டியது உறுதியானால் இரண்டு நாள் மல்லுக்கட்டுவதைவிட வெட்டிவிடுவதே என் பரிந்துரை. புஷ்ஷின் இரு ஓரங்களிலும், பிராக்கெட்டைத் தொடாமல், அந்தச் சந்தில் ஹேக்சா பிளேடை விட்டு அறுத்தால் ஆர்ம் கையோடு வரும். நட்டில் மிஞ்சும் துண்டில் இழுவிசை இல்லாததால் அதைத் திருப்புவதும் சுலபம். புது போல்ட் கைக்கு வந்த பிறகுதான் அறுக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் அதே தடிமனில் கிடைத்தது என்று எதையோ போடாதீர்கள். பழைய தலையில் 10.9 என்று வலிமைத் தரம் பொறித்திருந்தால் புதியதிலும் அதுவே இருக்க வேண்டும். வண்டிக்கான அசல் பாகமாக வாங்குவது இன்னும் நிம்மதி.

பால் ஜாயின்ட்டைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டில் வேறொரு சிக்கல். அது ஜாயின்ட் தண்டிலுள்ள பள்ளத்தின் ஊடாகப் போகும். தளர்த்தினால் போதாது, முழுதாக உருவியெடுத்தால்தான் தண்டு இறங்கும். இது தெரியாமல் ஆர்மை அடித்து அடித்து ஜாயின்ட்டைக் கெடுத்தவர்கள் நிறைய.

மாட்டும்போது புது போல்ட்டின் மரையில்லாத உடம்பில் மட்டும், இரும்பு ஒட்டிப்போகாமல் காக்கும் ஆன்ட்டி-சீஸ் களிம்பை மெல்லியதாகத் தடவலாம். அடுத்த முறை குழாயில் ஒட்டாது. மரையில் தடவினால் உராய்வு குறைந்து, டார்க் ரெஞ்ச் காட்டும் அளவைவிட அதிகமாக இறுகிவிடும். ரப்பரில் கிரீஸ் படவே கூடாது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டைக் கையிறுக்கமாக மட்டும் விடுங்கள். ரப்பர் குழாயோடு ஒட்டியே வார்க்கப்பட்டது. தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். ஆர்மின் நுனிக்கு ஜாக்கி கொடுத்து, வண்டி வழக்கமாக நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்து, சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு இறுக்கிவிட்டு, நேராக வீல் அலைன்மென்ட்டுக்கு ஓட்டிப்போங்கள்.