10 மீட்டர் ஏர் பிஸ்டலில் சைட்டைச் சரிசெய்யும் முறை

குறிபார்ப்பதற்காகப் பிஸ்டலின் மேல் முன்னும் பின்னும் இருக்கும் பாகங்களே சைட்டுகள். பின் சைட்டில் இருக்கும் இரண்டு திருகுகளால் ஒரே ஒரு வேலைதான் ஆகும்: குண்டுகள் விழும் இடத்தை மொத்தமாக மேலே, கீழே, வலப்புறம் அல்லது இடப்புறம் நகர்த்தலாம். சிதறி விழும் குண்டுகளை அவற்றால் ஒன்றுசேர்க்க முடியாது. ஆகவே ஓரளவாவது நெருங்கிய குரூப், அதாவது குண்டுகளின் கொத்து, விழத் தொடங்கும் வரை திருகைத் தொடாமல் இருப்பதே நல்லது.

முதலில் முன் சைட்டும் பின் சைட்டும் ஆட்டமில்லாமல் இருக்கின்றனவா, பிடி கையில் வழக்கம்போல் அமர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போட்டியில் எந்தப் பெல்லட்டை (ஏர் பிஸ்டலின் குண்டை) பயன்படுத்தப் போகிறீர்களோ அதையே இப்போதும் பயன்படுத்துங்கள். பெல்லட் மாறினால் குண்டு விழும் இடமும் மாறக்கூடும். திருகைத் திருப்பும்போது பிஸ்டலில் பெல்லட் இருக்கக் கூடாது; குழலின் வாய் டார்கெட் பக்கமே நோக்கியிருக்க வேண்டும்.

அடுத்தது சைட் பிக்சர், அதாவது குறிபார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும் காட்சி. பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் நிற்கும்போது இரு பக்கமும் தெரியும் வெளிச்சக் கீற்றுகள் சம அகலத்தில் இருக்க வேண்டும். இரண்டின் மேல் விளிம்புகளும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். கண்ணின் குவியம் முன் சைட்டின் மீது இருப்பதால் டார்கெட்டின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம் சற்று மங்கலாகத்தான் தெரியும், அது குறையன்று. பெரும்பாலோர் கறுப்பின் நடுவைக் குறிவைக்காமல், அதற்குக் கீழே வெள்ளைப் பகுதியில் சிறிது இடைவெளி விட்டுப் பிடிப்பார்கள். கறுப்பு வட்டத்தின் விட்டம் 59.5 மில்லிமீட்டர், எனவே குண்டு நடுவில் விழ வேண்டுமானால், முன் சைட்டின் உச்சி நிற்கும் இடத்துக்கு மேலே 30 மில்லிமீட்டரும் அந்த இடைவெளியும் சேர்ந்த உயரத்தில் அது விழுமாறு சைட் அமைந்திருக்க வேண்டும். இடைவெளியை நாளுக்கு ஒருவிதமாக விட்டால் எந்தத் திருகும் உதவாது.

வெளிச்சக் கீற்றுகளை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் கணக்கு ஒன்று இருக்கிறது. இரு சைட்டுகளுக்கும் இடையே 330 மில்லிமீட்டர் தூரம் என்று கொண்டால், அவற்றின் ஒழுங்கில் ஏற்படும் பிழை 10 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 30 மடங்காகப் பெருகும். முன் சைட் பள்ளத்துக்குள் கால் மில்லிமீட்டர் ஒதுங்கினாலே ஏழரை மில்லிமீட்டர், அதாவது டார்கெட்டில் கிட்டத்தட்ட ஒரு புள்ளி வளையம் போய்விடுகிறது. சைட்டுகள் ஒழுங்காக நிற்க, கை மட்டும் அதே கால் மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் டார்கெட்டிலும் கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கை ஆடுகிறதே என்று கவலைப்படுபவர்களே அதிகம். என் அனுபவத்தில் புள்ளிகளைத் தின்பது கீற்றுகளின் ஏற்றத்தாழ்வுதான்.

இனி 10 குண்டுகள் சுடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ட்ரிகர் விடுபட்ட கணத்தில் சைட் எப்படி இருந்தது என்பதை நினைவில் நிறுத்தி, பிசகியது என்று உங்களுக்கே தெரிந்த குண்டுகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். மிச்சமிருப்பவற்றின் நடுப்புள்ளியைக் கண்டு, அது டார்கெட்டின் மையத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். திருகு ஒவ்வொரு படியாகத் திரும்பும்போது ஒரு கிளிக் உணரப்படும்; ஒரு கிளிக்குக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பது பிஸ்டலுக்குப் பிஸ்டல் வேறுபடும் என்பதால், கையேட்டை மட்டும் நம்பாமல் ஒருமுறை 10 கிளிக் திருப்பி, மீண்டும் ஒரு குரூப் சுட்டு, நீங்களே அளந்து பார்ப்பது மேல். 20 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் கிளிக்குக்கு 2 மில்லிமீட்டர். அப்படியானால் இடப்புறம் 12, கீழே 6 மில்லிமீட்டர் விலகிய குரூப்புக்கு வலப்புறம் 6 கிளிக்கும் மேலே 3 கிளிக்கும் தேவைப்படும்.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் குழப்பம் வரும். பின் சைட் எந்தப் பக்கம் நகர்கிறதோ குண்டும் அந்தப் பக்கமே நகரும். இந்த விதி மாறாது. ஆனால் திருகின் மேல் பொறித்திருக்கும் எழுத்துகளின் பொருள் மாறும். ஜெர்மானிய வழக்கில் ‘ஹெச்’ என்பது, குண்டு உயரே விழுந்தால் இந்தப் பக்கம் திருப்பு என்பதைக் குறிக்கும். வேறு சில சைட்டுகளில் மேலே என்ற குறி, குண்டை மேலே ஏற்றும் திசையைக் காட்டும். இது தெரியாமல் நான் ஒரு மாலை முழுவதும் ‘ஹெச்’ பக்கமே திருப்பித் திருப்பி, கீழே விழுந்த குரூப்பை இன்னும் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். எழுத்தை நம்பாமல், பின் சைட்டின் தகடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை இராது.

பழைய சைட்டுகளில் திருகுக்குச் சிறிது ஆட்டம் இருக்கும். திசை மாற்றும்போது முதல் கிளிக் வீணாகலாம். தேவையான இடத்தை இரண்டு கிளிக் தாண்டிப்போய்த் திரும்பி வந்து நிறுத்தினால், அதாவது எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்தினால், அந்தப் பிழை அடங்கிவிடும். திருத்தியபின் மற்றொரு குரூப் சுட்டு உறுதிசெய்துகொண்டு, கிளிக் எண்ணிக்கையையும் அரங்கின் வெளிச்சத்தையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். வெளிச்சம் மாறினால் முன் சைட்டின் உச்சி கண்ணுக்கு வேறுவிதமாகத் தெரியும். அதனால் பழகிய அரங்கின் அமைப்பு புதிய அரங்கில் ஒன்றிரண்டு கிளிக் பிசகக்கூடும்.

போட்டிக்கு முன் தயாரிப்புக்கும் பயிற்சிக் குண்டுகளுக்கும் சேர்த்துத் தரப்படும் 15 நிமிடங்கள் அதைச் சரிசெய்யத்தான். புள்ளி கணக்கிடப்படும் குண்டுகள் தொடங்கியபின் ஒரு குண்டு 8-ஆம் வளையத்தில் விழுந்ததற்காகத் திருகைத் தொடாதீர்கள். சுத்தமாக விடுபட்டதாக நீங்கள் உணர்ந்த மூன்று நான்கு குண்டுகள் தொடர்ந்து ஒரே பக்கம் விழுந்தால் மட்டும், தயங்காமல், தேவையான கிளிக்கைத் திருப்புங்கள்.