கண்ணாடி முன் நின்று உங்கள் மேல்வரிசைப் பற்களை எண்ணிப் பாருங்கள்

போன மாதம் ஒருவருக்குச் சீட்டில் ‘26 – ரூட் கெனால்’ என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்தவர், “வீட்ல எண்ணிப் பார்த்தேன் டாக்டர். இருபத்தாறாவது பல் கீழ்வரிசைல வருது. எனக்கு வலி மேலதானே?” என்றார். தப்பு அவர் மேல் இல்லை. அதை ‘இருபத்தாறு’ என்று படிக்கக் கூடாது. ‘இரண்டு – ஆறு’. இரண்டு என்றால் மேல்தாடையின் இடப்பக்கம். ஆறு என்றால் நடுவிலிருந்து ஆறாவது பல். மேல் வலப்பக்கத்துக்கு எண் 1. ஆக, வலப்பக்கம் 11 முதல் 18 வரை, இடப்பக்கம் 21 முதல் 28 வரை.

பக்கத்துக்கு எட்டுப் பல். எட்டையும் நீங்களே கண்டுபிடிக்கலாம். கண்ணாடி, மொபைல் டார்ச், ஒரு சின்ன ஸ்டீல் ஸ்பூன் போதும். கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

படி 1: நடுவில் தொடங்குங்கள்

மூக்குக்கு நேர்கீழே இருக்கும் பெரிய பற்கள் இரண்டும் 11, 21. வெட்டுப்பற்கள். நாக்கு நுனியை இவற்றின் பின்பக்கம் ஓட்டிப் பாருங்கள். முன்னால் வழவழப்பாகத் தெரியும் பல், பின்னால் மண்வெட்டி மாதிரிக் குழிந்திருக்கும். ஈறுக்குப் பக்கத்தில் சின்ன மேடு ஒன்று தட்டுப்படும். இப்போது வாயை மூடிக் கடித்துக்கொண்டு உதட்டை மட்டும் விரியுங்கள். மேற்பல் கீழ்ப்பல்லை 2, 3 மில்லிமீட்டர் மறைத்தபடி முன்னால் நிற்கிறதா? கொய்யாவைக் கடித்துத் துண்டாக்கும்போது இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி உரசிக்கொண்டு போவது அதனால்தான்.

அடுத்தது 12, 22. அதே சாயல்தான், கொஞ்சம் சின்னது, ஓரம் உருண்டது. சிலருக்கு இது ஆப்பு மாதிரிக் கூம்பிப் போயிருக்கும். சிலருக்கு முளைப்பதே இல்லை.

படி 2: கூர்முனையைத் தேடுங்கள்

மூன்றாவது, கோரைப்பல். ஒரே ஒரு முனை. விரலை அதற்கு மேலே, ஈறின் மீது வைத்து மெல்லத் தடவினால் நீளவாக்கில் ஒரு புடைப்பு தெரியும். அதற்குள் இருப்பது வேர். வாயிலேயே நீளமான வேர் இந்தப் பல்லுக்குத்தான். கடினமானதைக் கிழிக்கும்போது தாங்குவதும், தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது வழிகாட்டுவதும் இதன் வேலை.

தெத்துப்பல் ஏன் பெரும்பாலும் இந்தப் பல்லாகவே இருக்கிறது தெரியுமா? அக்கம்பக்கத்துப் பற்கள் பெரும்பாலும் வந்து உட்கார்ந்த பிறகு, 11, 12 வயதில்தான் இது இறங்குகிறது. பஸ்ஸில் கடைசியாக ஏறியவர் நிலைமை. இடம் இல்லையென்றால் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், அல்லது எலும்புக்குள்ளேயே தங்கிவிடும்.

‘மேற்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்’ என்ற பயத்தை வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறேன். பயம் வந்த வழி புரிகிறது. மேற்பற்களின் உணர்ச்சியைச் சுமக்கும் நரம்பு கண்குழியின் தரை வழியாகப் போகிறது; வலி கண்ணுக்குக் கீழ்வரை தெறிக்கும். கோரைப்பல் வேரில் சீழ் பிடித்தால் கண்ணுக்குக் கீழே வீங்குவதும் உண்டு. ஆனால் பார்வை நரம்பு முற்றிலும் வேறு. பல்லை எடுப்பதால் பார்வை குறையாது.

படி 3: இரட்டை முனை

நான்கும் ஐந்தும் முன்கடைவாய்ப்பற்கள். கன்னத்துப் பக்கம் ஒரு முனை, அண்ணத்துப் பக்கம் ஒரு முனை. சின்ன வயதில் கிளிப் போட்டவர்கள் இங்கே நின்று யோசியுங்கள்: இடம் கிடைப்பதற்காக நான்காவதை எடுத்திருக்கலாம். அப்படியானால் அடுத்து வருவது ஐந்து.

படி 4: இப்போது ஸ்பூன்

கடைவாயைப் பார்க்க எல்லோரும் வாயை ‘ஆ’ என்று முழுசாகத் திறப்பார்கள். மேல்வரிசைக்கு அது உதவாது. கீழ்த்தாடை எலும்பின் மேல்நுனி முன்னால் வந்து வழியை அடைத்துவிடும். பாதி மட்டும் திறந்து, ஸ்பூனின் முதுகால் கன்னத்தை வெளியே தள்ளுங்கள். டார்ச்சை அடியுங்கள். தெரிகிறதா?

நான்கு முனையோடு சதுரமாக இருப்பது ஆறாவது பல். சிலருக்கு உள்பக்கம், அண்ணத்தை ஒட்டி, ஐந்தாவதாக ஒரு குட்டி முனை இருக்கும். வியன்னாவைச் சேர்ந்த கராபெல்லி என்ற பல் மருத்துவரின் பெயர் அதற்கு. வேர்கள் பொதுவாக மூன்று: கன்னத்துப் பக்கம் இரண்டு, அண்ணத்துப் பக்கம் ஒன்று. கீழே இதே பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டுதான்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டார் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பல் ஆறு வயது வாக்கில், எந்தப் பால்பல்லும் விழாமலே, பின்னால் புதிதாக முளைக்கும். ‘பால்பல்தானே, விழுந்துவிடும்’ என்று சொத்தையை விட்டுவிடுகிறார்கள். விழாது. வாழ்நாளுக்கும் அதுதான்.

இந்தப் பின்பற்களின் வேர்நுனிக்கு மேலேயே சைனஸ் அறை இருக்கிறது. சளி பிடித்து, குனியும்போது மேல் கடைவாய்ப்பற்கள் மூன்று நான்கு சேர்ந்து வலித்தால், பல்லைவிட சைனஸ் மீதுதான் எனக்கு முதல் சந்தேகம் வரும்.

ஏழாவது பல்லுக்கு எதிரே கன்னத்தின் உள்பக்கம் ஒரு சின்னப் பொட்டு இருக்கும். கட்டி என்று பயந்துவிடாதீர்கள். எச்சில் சுரக்கும் வாசல் அது. அந்த இடத்தில் பல்லில் காரை சீக்கிரம் படிவதும் அதனால்தான். எட்டாவது, ஞானப்பல். இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும்.

படி 5: வேலை செய்ய விடுங்கள்

இரண்டு கடலையை வாயில் போட்டு மெதுவாக மெல்லுங்கள். ஆட்டுக்கல்லில் அடிக்கல் அசையாது, குழவி சுற்றும். வெட் கிரைண்டரில் கல் மேலே தொங்கும், சட்டி சுற்றும். வாய் கிரைண்டர் கட்சி: மேல்தாடை நிற்கும், கீழ்த்தாடை வந்து அரைக்கும். மேற்பல்லின் உள்முனைகள் கீழ்ப்பல்லின் குழியில் உட்கார்வதுதான் அந்த அரைப்பு.

கடலையை விழுங்கியாயிற்றா? சரி, ‘வீடு’ என்று சொல்லுங்கள். கீழுதடு மேற்பல் நுனியைத் தேடிப் போகிறது இல்லையா? பழைய இலக்கணக்காரர்களும் வகரம் பிறக்குமிடமாக மேற்பல்லையும் இதழையும்தான் சொன்னார்கள். முழுப் பல்செட் பொருத்தும்போது நாங்களும் பெரியவர்களை ‘வா, வீடு, வேலு’ என்று சொல்லச்சொல்லிக் கேட்போம். நுனி உதட்டில் சரியாகப் படவில்லையென்றால், பல்லைப் பிடித்திருக்கும் மாதிரிச் செட்டின் மெழுகைச் சூடாக்கிப் பல்லை மறுபடி நட வேண்டியதுதான்.