போலீஸ் எடுத்துப்போன வெள்ளி: பட்டறைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் புதிதாகக் கொலுசுப் பட்டறை வைத்தவர்கள் வழக்கறிஞரைத் தேடி வரும்போது காரியம் கெட்டிருக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. வெள்ளி மட்டும் காவல் நிலையத்தில் இருக்கும். நான் தொழிலுக்கு வந்த காலத்துத் தவறுகளே இன்றும் நடக்கின்றன. பில் வைத்திருங்கள், கேமரா பொருத்துங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

சொந்த வெள்ளியை எடுத்துக் கொடுப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. வெளிமாவட்டத்தில் பிடிபட்ட ஒருவன் ‘சேலத்தில் விற்றேன்’ என்கிறான். பட்டறை வாசலில் வேன் வந்து நிற்கிறது. தேடிய பொருள் கிடைக்காவிட்டால், ‘அதே எடைக்கு ஏதாவது கொடு, உன்மேல் வழக்கில்லை’ என்று பேச்சு மாறும். தெருவே வேடிக்கை பார்க்கிறதே என்று கூசிய ஒரு பட்டறைக்காரர், வியாபாரி கூலி வேலைக்குக் கொடுத்திருந்த வெள்ளிக் கட்டியைக் கொடுத்தார். கைப்பற்றியதைப் போலீஸ் எழுதும் பட்டியலான மகஜரைப் படிக்காமல் கையெழுத்தும் போட்டார். சொன்னபடியே அவர்மேல் வழக்கு வரவில்லை. ஆனால் மகஜரில் அந்தக் கட்டி ‘களவுபோன சொத்து’ ஆகிவிட்டது. புகார்தாரர் உரிமை கோரியபோது, இவர் போட்ட கையெழுத்தே இவருக்கு எதிராக நின்றது. வியாபாரியின் கடனைக் கூலியில் கழித்தார்.

குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, களவுபோனதாகவோ குற்றத்தோடு தொடர்புடையதாகவோ சந்தேகிக்கப்படும் பொருளைக் கைப்பற்றத்தான் அதிகாரம் தருகிறது. ஈடாக வேறொன்றை வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை. மறுத்துவிடுங்கள். மறுக்கத் துணிவில்லையென்றால், ‘இது என் பட்டறைச் சரக்கு, களவு வெள்ளி அல்ல’ என்று எழுதி, அதன்கீழ் கையெழுத்திடுங்கள். எடையும் தரமும் மகஜரில் ஏற வேண்டும். சோதனையையும் கைப்பற்றுவதையும் ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்கிறது 105-ஆம் பிரிவு. பதிவு செய்யவில்லையா? அன்றே காவல் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள்.

அஸ்தம்பட்டியிலுள்ள சேலம் நீதிமன்றத்திலேயே மனுப் போடுவது

கைப்பற்றிய தகவல் எந்த ஊர்க் குற்றவியல் நடுவருக்குப் போனதோ, அங்கேதான் பொருளைத் திரும்பக் கேட்கும் 503-ஆம் பிரிவு மனு.

காவல் நிலையத்தில் ‘அடுத்த வாரம் வா’ என்பதை நம்புவது

நம்பாதீர்கள்.

கைப்பற்றிய வண்டியைக் காவல் நிலையத்திலேயே விட்டுவிடுவது

சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம், கைப்பற்றிய வண்டிகளை நெடுநாள் நிறுத்திவைக்காமல், உரிய பிணை பெற்றுக்கொண்டு ஒப்படைக்கச் சொன்னது. பொருள்கள் 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் காவல் நிலையத்தில் கிடக்கக் கூடாது என்றும் சொன்னது. இதை மனுவில் எழுதவே மறக்கும் இளம் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். மழையில் துருப்பிடிப்பது அவர்கள் வண்டியா என்ன!

ஏற்காட்டு மலைப்பாதையில் சந்தனக்கட்டையோடு பிடிபட்ட வாடகை ஜீப் என்றால் வழி வேறு. தமிழ்நாடு வனச் சட்டப்படி, அதிகாரம் பெற்ற வனத்துறை அதிகாரியே அதைப் பறிமுதல் செய்துவிட முடியும். அதற்குமுன் உரிமையாளருக்கு அவர் நோட்டீஸ் தர வேண்டும். தனக்குத் தெரியாமல் நடந்தது, தகுந்த எச்சரிக்கையோடுதான் வண்டியை விட்டேன் என்ற இரண்டையும் உரிமையாளர் நோட்டீஸுக்குத் தரும் பதிலிலேயே ஆதாரத்தோடு காட்ட வேண்டும்.