குளிர் நாட்டில் திறந்தவெளிக் கஞ்சா வளர்ப்பு: முதல்முறை வளர்ப்பவர்களுக்கு

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல், வயதுவந்தோர் தங்கள் வீட்டில் 4 கஞ்சாச் செடிகள்வரை சொந்தப் பயன்பாட்டுக்கு வளர்க்கலாம். இந்தக் கணக்கு ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. ஒரே வீட்டில் ஐந்து பேர் இருந்தாலும் 4 செடிகள்தான். கியூபெக்கில் வீட்டில் வளர்க்கவே அனுமதி இல்லை. மற்ற மாகாணங்கள் சிலவற்றில் செடி தெருவிலிருந்து கண்ணில் படக்கூடாது, பூட்டிய வேலிக்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற கூடுதல் விதிகள் உண்டு. வாடகை வீடானால் ஒப்பந்தத்தில் தடை இருக்கிறதா என்றும் பாருங்கள். விதையோ நாற்றோ உரிமம் பெற்ற கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். விதையானாலும் காய்ந்த பூவானாலும், நாட்டின் எல்லையைத் தாண்டி எந்தத் திசையில் கொண்டுபோனாலும் குற்றம். இந்தக் கட்டுரை முழுவதும் இந்தச் சட்ட வரம்புக்குள் கனடாவில் வளர்ப்பவர்களுக்கானது.

முதல்முறை வளர்ப்பவர்கள் உரத்தையும் மண்ணையும் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். குளிர் நாட்டில் விளைச்சலைக் கெடுப்பது பெரும்பாலும் அவை அல்ல, நாட்காட்டிதான். கோடையில் வெயிலுக்குக் குறைவே இல்லை. ஜூன் கடைசியில் டொராண்டோவில் பகல் ஏறத்தாழ 15 மணி 25 நிமிடம், எட்மன்டனில் 17 மணி நேரம். செடி மளமளவென்று வளரும். ஆனால் அது பூத்து முற்றுவதற்குள் பனி விழுந்துவிடுமா, விழாதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே விதை வாங்கும் முன்பே, இலையுதிர்காலத்தின் முதல் உறைபனி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்க வேண்டும்.

பகல் நீளமும் பூக்கும் நாளும்

கஞ்சாவில் இரண்டு வகை உண்டு. ஃபோட்டோபீரியட் வகை, இரவு நீண்டால்தான் பூக்கும். பகல் சுமார் பதினாலரை மணி நேரத்துக்குக் கீழே இறங்கும்போது அதற்குப் பூக்கும் தூண்டல் கிடைக்கிறது. ஆட்டோஃபிளவர் வகைக்குப் பகல் நீளம் ஒரு பொருட்டே அல்ல. முளைத்து மூன்று நான்கு வாரத்தில் தானாகவே பூக்கத் தொடங்கும். விதையிலிருந்து அறுவடைவரை வெளியில் 75 முதல் 90 நாட்கள் ஆகும்.

டொராண்டோவில் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே பகல் பதினாலரை மணிக்குக் கீழே போய்விடும். எட்டு ஒன்பது வாரத்தில் முற்றும் ஃபோட்டோபீரியட் வகையை அக்டோபர் தொடக்கத்தில் அறுத்துவிடலாம். அதுவே எட்மன்டனில் ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டித்தான் பகல் அந்த அளவுக்குக் குறையும். அதிலிருந்து எட்டு வாரம் எண்ணினால் அக்டோபர் நடு. எட்மன்டன் இருக்கும் பிரெய்ரி மாகாணங்களிலோ (ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிட்டோபா) செப்டம்பர் நடுவிலிருந்தே கடும் பனி வரக்கூடும். செடி ஆளுயரம் வளர்ந்து நிற்கும், பூ மட்டும் பாதியில் கருகிப்போகும். வடக்கே போகப்போக கோடைப் பகல் நீளுவதால் பூக்கும் நாள் தள்ளிப்போகிறது, பனியோ முந்தி வருகிறது. செடியை இரண்டு பக்கமும் நெருக்கும் கத்தரிக்கோல் இதுதான்.

எனவே பிரெய்ரியிலோ அதற்கு வடக்கிலோ இருப்பவர்கள் முதல் வருடம் ஆட்டோஃபிளவரைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். ஜூன் தொடக்கத்தில் வெளியே வைத்தால் ஆகஸ்ட் கடைசிக்குள் வேலை முடிந்துவிடும். தெற்கு ஒன்டாரியோவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலோரத்திலும் ஃபோட்டோபீரியட் சாத்தியம்தான். ஆனால் விதை உறையில் பூக்கும் காலம் 7 அல்லது 8 வாரம் என்று போட்டிருப்பதையே எடுங்கள். 10 வாரம், 12 வாரம் என்று போட்டிருக்கும் சாட்டிவா வகைகள் குளிர் நாட்டுத் தோட்டத்துக்கு ஆகாது. கடலோரத்தில் பனியைவிட அக்டோபர் மழைதான் எதிரி என்பதால், அங்கேயும் சீக்கிரம் முற்றும் வகைதான் நல்லது.

எந்த வகையானாலும் ஃபெமினைஸ்டு விதையாக, அதாவது ஏறத்தாழ எல்லாமே பெண் செடியாக வரும் விதையாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண விதையில் ஏறத்தாழ பாதி ஆண் செடியாக வரும். 4 செடிகள்தான் அனுமதி என்னும்போது அதில் இரண்டைப் பிடுங்கி எறிவது வீண்.

முளைக்க வைத்தல்

ஆட்டோஃபிளவர் விதையை மே நடுவிலும், ஃபோட்டோபீரியட் விதையை ஏப்ரல் பின்பாதியிலும் வீட்டுக்குள் போடலாம். விதையை வெதுவெதுப்பான நீரில் 12 மணி நேரம் ஊறவைத்து, ஈரமான பேப்பர் டவல் இரண்டுக்கு நடுவே வைத்து, தட்டால் மூடி, 22 முதல் 25 டிகிரி செல்சியஸ் இருக்கும் இடத்தில் வையுங்கள். டவல் ஈரமாக இருக்க வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. இரண்டிலிருந்து ஐந்து நாளில் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். அது ஒரு சென்டிமீட்டர் வந்ததும், வேர் கீழ்நோக்கி இருக்க, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் நடுங்கள். வேரைக் கையால் தொடாதீர்கள்.

ஆட்டோஃபிளவரை நேரடியாகக் கடைசித் தொட்டியிலேயே நடுவது நல்லது. அதன் வாழ்நாள் எண்ணி மூன்று மாதம். இடம் மாற்றும்போது வேர் அடிபட்டு ஒரு வாரம் நின்றுபோனால், அந்த வாரத்தைச் செடியால் மீட்க முடியாது. ஃபோட்டோபீரியட் செடிக்கு அந்தப் பயம் இல்லை. சிறு கப்பில் தொடங்கி இரண்டு முறை மாற்றலாம்.

பலருக்கும் தெரியாத ஒரு சிக்கல் இங்கே உண்டு. ஃபோட்டோபீரியட் நாற்றை வீட்டில் 18 மணி நேர விளக்கில் வளர்த்து, மே முதல் வாரத்தில் வெளியே வைத்தால், வெளியே பகல் பதினாலு மணிச் சொச்சம்தான். இலையுதிர்காலம் வந்துவிட்டது என்று எண்ணிச் செடி பூக்கத் தொடங்கும். ஜூனில் பகல் நீண்டதும் குழம்பி மறுபடி இலைவிடும். ஒற்றை விரல் இலைகளும் முறுக்கிய நுனிகளுமாக ஒரு மாதம் வீணாகும். இதைத் தவிர்க்க, உள்ளே விளக்கை 16 மணி நேரத்துக்கு மேல் எரிய விடாமல், மே கடைசியில் வெளியே கொண்டுபோங்கள். கனடாவில் காய்கறித் தோட்டக்காரர்கள் விக்டோரியா தினம்வரை (மே 25-க்கு முந்தைய திங்கள்) நாற்று நடாமல் காத்திருப்பார்கள். இதற்கும் அதே கணக்கு பொருந்தும். இரவு வெப்பம் தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே வைக்கும் முன் ஏழு முதல் பத்து நாள் வெயிலுக்குப் பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் முழு வெயில். விளக்கொளி மட்டுமே பார்த்த இலையை நேரே மதிய வெயிலில் வைத்தால் வெளுத்துக் காகிதமாகிவிடும்.

இடம், தொட்டி, மண்

குறைந்தது 6 மணி நேரம், முடிந்தால் 8 மணி நேரம் நேர்வெயில் படும் இடம் வேண்டும். தெற்குப் பார்த்த சுவரோரம் சிறந்தது, பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் திருப்பித் தரும். காற்றோட்டமும் வேண்டும். ஆனால் தெருவிளக்கோ பக்கத்து வீட்டு வாசல் விளக்கோ இரவில் செடிமேல் விழக்கூடாது. ஃபோட்டோபீரியட் செடிக்கு இருட்டு அறுபட்டால் பூப்பது தள்ளிப்போகும், சில சமயம் பெண் செடியிலேயே ஆண் பூவும் வந்துவிடும்.

முதல் வருடம் நிலத்தில் நடாமல் துணியாலான குரோ பேக்கில் வளர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வசந்தகாலத்தில் நிலம் சில்லென்று கிடக்கும்போதே பையின் மண் சூடேறிவிடும். இலையுதிர்காலத்தில் பனி எச்சரிக்கை வந்தால் பையைத் தூக்கி ஷெட்டுக்குள் வைத்துவிடலாம். ஆட்டோஃபிளவருக்கு 20 லிட்டர், ஃபோட்டோபீரியட்டுக்கு 40 முதல் 60 லிட்டர் போதும். 60 லிட்டர் பை நனைந்தால் ஒருவரால் தூக்க முடியாது, சக்கரப் பலகை ஒன்று வேண்டும்.

மண் கலவை: பீட் மாஸ் (சதுப்புநிலத்தில் மக்கிய பாசி) அல்லது தேங்காய் நார்க்கழிவு 4 பங்கு, நன்கு மக்கிய உரம் 3 பங்கு, பெர்லைட் (மண்ணை இளக்கும் வெள்ளை எரிமலைப் பாறைத் துகள்) 3 பங்கு. பீட் மாஸ் புளிப்பானது, அதனால் 20 லிட்டர் கலவைக்கு 2 மேசைக்கரண்டி டோலமைட் சுண்ணாம்புத் தூள் கலந்து விடுங்கள். அமிலநிலை (pH) 6.0 முதல் 7.0 வரை இருந்தால் சரி. அதைத் தாண்டினால், மண்ணில் சத்து இருந்தும் வேர் எடுக்காது. அப்போது மேலும் உரம் போடுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

நீரும் உரமும்

முதல் வருடத்தில் அதிகம் சாவது தண்ணீர் இல்லாத செடி அல்ல, தண்ணீர் மிஞ்சிய செடி. பையைத் தூக்கிப் பாருங்கள், இலேசாக இருந்தால் ஊற்றுங்கள். தூக்க முடியாத பையானால் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும். நாற்றுக்குத் தண்டைச் சுற்றி அரைக் கப் போதும். ஜூலை வெயிலில் நன்கு வளர்ந்த 20 லிட்டர் பை நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர்கூடக் குடிக்கும். காலையில் ஊற்றுங்கள், மாலையில் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் நிற்கும். இலைமேல் ஊற்ற வேண்டாம்.

மேலே சொன்ன கலவையில் முதல் நாலு வாரத்துக்கு உரமே தேவையில்லை. பிறகு வளரும் பருவத்தில் மீன் உரம் போன்ற தழைச்சத்து மிகுந்தது, பூ வந்த பின் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மிகுந்தது. புட்டியில் போட்டிருக்கும் அளவில் பாதியில் தொடங்குங்கள். கீழ் இலைகள் வெளிர் மஞ்சளாகிக்கொண்டு வந்தால் தழைச்சத்து குறைவு. இலை கரும்பச்சையாகி நுனி கீழே கொக்கிபோல் வளைந்தால் மிஞ்சிவிட்டது. இலை நுனி பழுப்பாகக் கருகினாலும் உரம் அதிகம் என்றுதான் பொருள்.

ஃபோட்டோபீரியட் செடிக்கு ஐந்தாவது கணு வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் கிளம்பிப் புதராகும், வேலிக்கு மேலே எட்டியும் பார்க்காது. ஜூலை நடுவுக்குப் பிறகு கிள்ள வேண்டாம். ஆட்டோஃபிளவரைக் கிள்ளவே கூடாது. தண்டை மெல்ல வளைத்து மென்கயிற்றால் பை ஓரத்தில் கட்டினால் போதும்.

ஃபெமினைஸ்டு விதையானாலும் ஜூலையில் கணுக்களைப் பாருங்கள். இரண்டு வெள்ளை மயிர் நீட்டிக்கொண்டிருந்தால் பெண். காம்போடு சிறு உருண்டைகள் கொத்தாக வந்தால் ஆண், வெடிக்கும் முன் அகற்றிவிடுங்கள். ஒரே ஓர் ஆண் செடி போதும், மற்ற எல்லாச் செடியும் விதை கட்டிப்போக.

பூஞ்சணம்

அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், பூக்கும் முன்பானால் பூச்சிக்கொல்லி சோப்பும் தெளிக்கலாம். நத்தைக்கு பையைச் சுற்றி செப்புப் பட்டை. இவை சமாளிக்கக்கூடியவை. குளிர் நாட்டில் அறுவடையை உண்மையில் பறிப்பது பூவை அழுகவைக்கும் சாம்பல் பூசணம். செப்டம்பர் மழை, பனித்துளி, குளிர்ந்த இரவு, அடர்ந்த பூ ஆகிய நாலும் சேர்ந்தால் அது வரும். பூவுக்குள்ளே, தண்டிலிருந்து தொடங்குவதால் வெளியே முதலில் தெரியாது. பூவின் நடுவிலிருந்து வரும் ஒற்றை இலை மட்டும் திடீரென்று மஞ்சளாகி வாடியிருக்கும். இலேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும். பூவைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பழுப்பாகக் கொழகொழத்து, சாம்பல் தூள் படிந்திருக்கும்.

இதற்கு மருந்து கிடையாது. கெட்ட பகுதிக்குக் கீழே நல்ல தண்டு நாலைந்து சென்டிமீட்டர் சேரும்படி வெட்டி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஆல்கஹாலால் துடையுங்கள். பூசணம் பிடித்த பூவில் நல்ல பாதியைக் கிள்ளி வைத்துக்கொள்ளும் ஆசை வரும். அதைப் புகைப்பது நுரையீரலுக்குக் கேடு, முழுவதையும் எறிந்துவிடுங்கள். தடுப்பதற்குச் செய்யக்கூடியது இவ்வளவு: ஆகஸ்டில் உள்பக்கத்துச் சிறு கிளைகளையும் நெருக்கமான இலைகளையும் நீக்கிக் காற்று நுழைய வழிவிடுவது, மழைநாளில் கூரைக்கடியில் நகர்த்துவது அல்லது நாலு பக்கமும் திறந்த பிளாஸ்டிக் கூரை போடுவது, மழை விட்டதும் கிளைகளை உலுக்கி நீரை உதறுவது, செப்டம்பரில் தினமும் காலையில் ஒவ்வொரு பூவையும் பார்ப்பது.

அறுவடை

இலையின் நிறத்தைப் பார்த்து அறுக்கக் கூடாது. 60 மடங்கு பெரிதாக்கும் சிறு லூப் ஒன்றால் பூவின் மேலுள்ள டிரைகோம்களை, அதாவது நுண்ணிய பிசின் சுரப்பிகளைப் பாருங்கள். கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் இன்னும் நாளிருக்கிறது. பெரும்பாலானவை பால்வெள்ளையாகி, அங்கங்கே தேன்நிறம் தென்பட்டால் பதம். ஒன்றிரண்டு டிகிரி கீழே போகும் இலேசான உறைபனியை முற்றிய செடி தாங்கிவிடும். மைனஸ் 3, 4 என்று முன்னறிவிப்பு வந்தால் செடியை உள்ளே கொண்டுபோங்கள், முடியாவிட்டால் அன்றே அறுத்துவிடுங்கள். பூசணம் பரவத் தொடங்கிவிட்டாலும் அப்படித்தான். ஒரு வாரம் முந்தி அறுத்த பூ கொஞ்சம் வீரியம் குறைந்திருக்கும், ஒரு வாரம் காத்திருந்தால் பூவே மிஞ்சாமல் போகலாம்.

கிளைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, இருட்டான அறையில், 16 முதல் 20 டிகிரியில், ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதத்தில் உலர்த்துங்கள். மின்விசிறி ஓடட்டும், ஆனால் காற்று பூமேல் நேராக அடிக்கக்கூடாது. 7 முதல் 14 நாள் ஆகும். மெல்லிய காம்பு வளையாமல் படக்கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. அவசரப்பட்டு ஹீட்டர் பக்கம் வைத்தால் வைக்கோல் வாடைதான் மிஞ்சும்.

பிறகு கண்ணாடி ஜாடியில் முக்கால்வாசி நிரப்பி மூடுங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் பத்து நிமிடம் திறந்துவையுங்கள். திறக்கும்போது அம்மோனியா நெடி அடித்தால் உள்ளே ஈரம் மிச்சம் இருக்கிறது, பூவைத் தட்டில் பரப்பி ஒரு நாள் காயவிட்டுத் திரும்பப் போடுங்கள். ஜாடிக்குள் சிறு ஈரமானி வைத்தால் அது 58 முதல் 62 சதவீதம் காட்ட வேண்டும். அந்த நிலையில் ஒரு மாதம் இருந்தால் மணம் முழுமையாக இறங்கும். ஜாடிமேல் வகையும் தேதியும் எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கும் வளர்ப்பு நாய்க்கும் எட்டாத பூட்டிய அலமாரியில் வையுங்கள்.