வெளிமாநிலக் குடும்பங்களிடையே பணியாற்றப் புதிதாக வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரிலும் கோவையின் புறநகர்ப் பகுதிகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளில் தொண்டு செய்ய ஆண்டுதோறும் இளைஞர்கள் வருகிறார்கள். தொடக்கத்தில் எங்களைப் போன்றவர்கள் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கணக்கு எழுதுவது, ரசீது வாங்குவது போன்றவற்றைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஏஜென்ட் தரும் பட்டியலோடு வேலையைத் தொடங்குதல்

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களில் பலர் ஏஜென்ட் வழியாகவே பனியன் கம்பெனிக்கு வந்து சேர்கிறார்கள். அவர்கள் தங்கும் காம்பவுண்டில் எந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். தமிழும் இந்தியும் பேசுவார். புதிதாக வருபவருக்கு அவரைவிட வசதியான துணை இல்லை என்றே தோன்றும். ஒரே மாலையில் பெயர்ப் பட்டியல் கைக்கு வந்துவிடும். ஆனால் அவரோடு மனத்தாங்கல் உள்ள குடும்பமோ, வேறு ஆள் மூலம் வந்தவர்களோ, பிள்ளையோடு தனியாக வாழும் பெண்ணோ அந்தப் பட்டியலில் இருக்கமாட்டார்கள்.

அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் இப்படித்தான் மளிகைப் பொருள் வழங்கியது. பிறகு அங்கே சென்றபோது ஒரு பீகார்ப் பெண், அந்த மளிகைப் பைக்கு ஈடாகத் தன் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏஜென்ட்டுக்குக் கூலியில்லாமல் வேலை செய்வதாகச் சொன்னார். பொருளைக் கொடுத்தது யார் என்பதே அந்தக் குடும்பங்களுக்குத் தெரியவில்லை. அதோடு, ரேஷன் கார்டை இந்த ஊருக்கு மாற்றித் தருவதாகச் சொல்லி அந்த ஏஜென்ட் பணமும் வசூலித்திருந்தார். இதை இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் மாற்றுவதற்கு அங்கே எதுவுமே இல்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டம் 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. சொந்த மாநிலத்து முன்னுரிமைக் குடும்ப அட்டையில் பெயர் இருந்து, அதனுடன் ஆதாரும் இணைக்கப்பட்டிருந்தால், இங்குள்ள கடையிலேயே கைரேகை வைத்து ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் பெறலாம். ஊரில் இருக்கும் பெற்றோர் தங்கள் பங்கை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். இவ்வளவையும் அந்த நிறுவனத்தார் முற்றத்தில் நின்று இந்தியில் சொல்லியிருந்தால் வசூல் அன்றே நின்றிருக்கும்.

ஏஜென்ட்டைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வணக்கம் சொல்லுங்கள், வந்த காரணத்தையும் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பை மட்டும் அவரிடம் விடாதீர்கள். வேலை நாள்களில் அறைகள் பூட்டிக் கிடக்கும் என்பதால் ஞாயிறு மாலையில் ஒவ்வொரு கதவையும் நீங்களே தட்டுங்கள். அந்தக் குடும்பங்களின் மொழி பேசும் பெண் ஒருவரைச் சம்பளம் கொடுத்துத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழாயடியில் அவரிடம் சொல்லப்படும் செய்தி எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் கிடைக்காது.

பிள்ளைகளை மொழிபெயர்க்க வைத்தல்

தாயின் நோயையோ வீட்டில் விழும் அடியையோ பத்து வயதுப் பிள்ளையின் வாய்வழியாகக் கேட்காதீர்கள்.

டிசி இல்லை என்றதும் பள்ளியிலிருந்து திரும்புதல்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்கு வயதுச் சான்று இல்லை என்றோ டிசி வரத் தாமதமாகிறது என்றோ அரசுப் பள்ளி இடம் மறுக்க முடியாது. ஆண்டின் நடுவில் வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். தலைமையாசிரியரிடம் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

உதவி வாங்குவோரை நிறுத்திப் படம் எடுத்தல்

வேண்டாம்.

அதே தெருவின் தமிழ்க் குடும்பங்களை மறத்தல்

தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் பிழைக்க வந்தவர்களும், தலைமுறைகளாக இங்கேயே வாழும் ஏழைகளும் அதே தெருவில்தான் வாடகை கொடுக்கிறார்கள். வடமாநிலத்தாருக்கு மட்டும் என்று முகாம் நடத்தினால் மனக்கசப்பு வளரும். அது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2023 மார்ச்சில் பார்த்தோம். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்ற பொய்க் காணொளிகள் பரவியபோது பலர் பயந்து ரயிலேறினார்கள்; பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி விசாரித்தது. பக்கத்து அறைத் தமிழ்ப் பெண்களோடு முன்பே பழகியிருந்த குடும்பங்கள் அந்த நாள்களில் அவர்களிடம் கேட்டுத் தெளிந்தன. அப்படிப்பட்ட பழக்கம் இல்லாத அறைகளே முதலில் காலியாயின. எனவே மருத்துவ முகாமோ மாலை வகுப்போ, தெரு முழுவதற்கும் என்று அறிவித்து, தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒரே சுவரில் ஒட்டுங்கள்.