குமரி மாவட்டச் சாலைக்கு எந்த இன்ஜின்? கார் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

"மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் டீசல், அதற்குக் கீழே என்றால் பெட்ரோல்." நாகர்கோவிலில் யாரிடம் யோசனை கேட்டாலும் இந்த ஒரு வரிதான் கிடைக்கும். ஒரு காலத்தில் இது சரியான கணக்கு. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் இதை மட்டும் நம்பி வண்டி எடுக்கக் கூடாது. மாதம் மொத்தம் எவ்வளவு ஓடுகிறீர்கள் என்பதைவிட, ஒரு தடவை இன்ஜினைக் கிளப்பினால் நிறுத்தாமல் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தக்கலையில் எங்கள் வீட்டுக்கும் ஆரல்வாய்மொழியில் என் மைத்துனர் வீட்டுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வண்டி மாற்றினோம். இரு வீட்டிலும் மாத ஓட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர் டீசல் எடுத்தார், நாங்கள் மின்சாரக் கார் எடுத்தோம். இரண்டுமே சரியான முடிவு என்று இன்றும் சொல்வேன். அந்த முடிவுகளுக்கு எப்படி வந்தோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். கடன், காப்பீடு, பதிவு ஆகியவற்றுக்குள் நான் போகவில்லை.

படி 1: ஓட்டக் குறிப்பு எழுதுங்கள்

ஒரு மாதத்துக்கு, இப்போது வைத்திருக்கும் வண்டியில் (பைக்காக இருந்தாலும் சரி) ஒவ்வொரு ஓட்டத்தையும் எழுதுங்கள். மொபைல் செயலி வேண்டாம், பள்ளிப் பிள்ளைகளின் நோட்டு போதும். நான் பார்த்த செயலிகள் நாள் முழுவதையும் சேர்த்து ஒரு மொத்தத்தைக் காட்டின. நமக்கு வேண்டியது இன்ஜின் எத்தனை முறை நின்று ஆறியது என்ற விவரம்.

எங்கள் நோட்டில் ஒரு நாள் இப்படி இருந்தது: "வீடு – பள்ளி, 3. பள்ளி – வீடு, 3. மாலை, வீடு – திங்கள்சந்தை, 6. அரை மணி நேரம் நிறுத்தம். திரும்ப, 6." மொத்தம் 18 கிலோமீட்டர்தான், ஆனால் நான்கு தனித்தனி ஓட்டங்கள். மைத்துனர் நோட்டில் பல பக்கங்கள் காலி. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் "ஆரல்வாய்மொழி – திருநெல்வேலி, 65" என்று ஒரே வரி இருக்கும், திரும்பி வர இன்னொரு வரி.

மாதம் முடிந்ததும் எல்லா வரிகளையும் மூன்றாகப் பிரியுங்கள்: 8 கிலோமீட்டருக்குக் குறைவு, 8 முதல் 30 வரை, 30-க்கு மேல். எந்தப் பிரிவில் வரிகள் குவிகின்றன என்பதை வைத்துத்தான் அடுத்த படி.

படி 2: உங்கள் ஓட்டத்தை எந்த இன்ஜின் தாங்கும்?

டீசலில் தொடங்குகிறேன். நம் பக்கம் அதிகமான மனக்கசப்பு இங்குதான்.

பிஎஸ் 6 டீசல் கார்களில் புகைக்குழாய் வழியில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. இன்ஜினிலிருந்து வரும் கரித்துகள் அதில் சேரும். சேர்ந்த கரியை வண்டியே அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ளும். அதற்கு ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை உண்டாக்க இன்ஜின் கூடுதலாகக் கொஞ்சம் டீசல் பீய்ச்சும். நல்ல சாலையில் நிதானமான வேகத்தில் பதினைந்து, இருபது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தால் வேலை தானாக முடிந்துவிடும், ஓட்டுபவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலையில் திருநெல்வேலிக்குப் போகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து, கடையில் நிறுத்தி, மறுபடி கிளப்பி ஓட்டுபவருக்கு எரிப்பு பாதியில் நின்றுபோகும். மறுநாள் மறுபடி தொடங்கி மறுபடி நிற்கும். பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி எரியாமல் வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால், குறைய வேண்டிய ஆயில் மட்டம் ஏறியிருக்கும். அப்படி ஏறியிருந்தால் உடனே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.

எரிப்பு நடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க மூன்று அறிகுறிகளைக் கவனியுங்கள். வண்டி நிற்கும்போது இன்ஜின் வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். ஏசி போடாவிட்டாலும் முன்பக்க விசிறி பலமாக ஓடும். இறங்கி நின்றால் சூடான இரும்பு வாடை வரும். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பி நிறுத்தாதீர்கள். இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். டிபிஎஃப் விளக்கு எரியத் தொடங்கிவிட்டால் நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகக் காவல்கிணறு வரை ஒரு சுற்று போய்வருவதுதான் நம் மாவட்டத்தில் நல்ல வழி.

8 கிலோமீட்டருக்குக் குறைந்த வரிகள் பாதிக்கு மேல் இருந்தால் டீசலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எரிபொருளில் மிச்சப்படுவதைப் பழுதுபார்ப்புச் செலவு தின்றுவிடும். மாருதி 2020-இல் டீசல் கார்களையே கைவிட்டது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ரெனோ ஆகியவையும் இந்தியாவில் டீசலிலிருந்து விலகின. சிறிய டீசல் இன்ஜினை பிஎஸ் 6-க்குத் தகுந்தபடி மாற்றினால் விலை கட்டுப்படியாகாது என்பதே காரணம். மஹிந்திரா, டாடா, டொயோட்டா, ஹூண்டாய், கியா இன்னும் டீசல் விற்கின்றன.

பெட்ரோல் குறைந்த தூரத்தை நன்றாகவே தாங்கும். ஆனால் ஆயில் முழுச்சூடு ஏறும் முன்பே தினமும் நிறுத்துபவர்கள், கையேட்டில் கடினப் பயன்பாட்டுக்கென்று கொடுத்திருக்கும் இடைவெளியில் ஆயில் மாற்றுங்கள்.

ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் உள்ள வண்டி, என்ற சொல்லைக் கேட்டதும் நிதானியுங்கள். மைல்ட் ஹைப்ரிட்டில் மோட்டார் இன்ஜினுக்குத் துணையாகத் தள்ளும், அவ்வளவுதான். ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் மோட்டார் மட்டுமே கொஞ்ச தூரம் வண்டியை ஓட்டும். மாருதியின் கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட்டின் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். ஊர்ந்து போகும் நெரிசலில்தான் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டின் பலம் தெரியும். 8 முதல் 30 வரையுள்ள வரிகள் குவிந்து, அவையெல்லாம் களியக்காவிளை நெடுஞ்சாலையிலேயே இருந்தால் இதை ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

சிஎன்ஜி (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) வண்டி எடுப்பவர்கள் முதலில் தங்கள் வழக்கமான வழியில் பங்க் இருக்கிறதா, அங்கே காலையில் வரிசை எவ்வளவு நீள்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள மைலேஜ் ஒரு கிலோ எரிவாயுவுக்கான கணக்கு, அதை லிட்டர் கணக்கோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது.

படி 3: விலை வித்தியாசம் எப்போது திரும்பக் கிடைக்கும்?

கீழே உள்ள எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 16 என்றால் கிலோமீட்டருக்கு 6.25 ரூபாய். டீசல் 93 ரூபாய், மைலேஜ் 20 என்றால் 4.65. மிச்சம் 1.60. டீசல் வண்டி 1,60,000 ரூபாய் கூடுதல் என்றால் அந்தப் பணம் திரும்ப 1,00,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 1,000 ஓடுபவருக்கு அது எட்டு ஆண்டும் நான்கு மாதமும். மைத்துனர் பத்து ஆண்டுக்கு மேல் வண்டி வைத்திருப்பவர், ஏழு பேரும் சாமானுமாக ஏற்றிப் போகிறவர். அதனால் எடுத்தார். ஐந்து ஆண்டில் மாற்றுகிறவருக்கு இது வீண் செலவு.

மைலேஜை ஷோரூம் தாளிலிருந்து எடுக்காதீர்கள். சான்று மைலேஜ் ஆய்வகத்தில் உருளைகளின்மேல் ஓட்டி எடுப்பது. அதே வண்டி வைத்திருப்பவர் ஒருவரிடம் கேட்டு, ஒரே பங்கில், குழாய் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி, ஓடிவிட்டு, மறுபடி அதேபோல் நிரப்பிக் கணக்கிடச் சொல்லுங்கள்.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நீளம் 4 மீட்டருக்குள்ளும், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள்ளும், டீசல் என்றால் 1,500 சிசிக்குள்ளும் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம். மின்சாரக் காருக்கு 5 சதவீதம். சந்தையில் 998, 1,197, 1,199 சிசி இன்ஜின்கள் ஏன் இத்தனை என்பதற்கு இந்த வரம்பும் ஒரு காரணம்.

படி 4: மின்சாரக் கார் என்றால் மின் கட்டணக் கணக்கு

நான் அதிக நேரம் செலவிட்ட படி இது. விற்பனையாளர்கள் ஒரு யூனிட் விலையை எடுத்து, ஓட்டத்தால் வகுத்து, "கிலோமீட்டருக்கு இவ்வளவு பைசா" என்று காட்டிவிடுவார்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் அப்படிப் போடப்படுவதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு, அதில் படிப்படியாக ஏறும் விலை. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமின்றிக் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளுக்கும் விகிதம் மாறுகிறது.

மாதம் 1,000 கிலோமீட்டர், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வையுங்கள். இரண்டு மாதத்துக்கு 285 யூனிட், சார்ஜ் செய்வதில் வீணாவதையும் சேர்த்து 300. வீட்டுக்கு ஏற்கெனவே 350 யூனிட் ஆகிறது என்றால் மொத்தம் 650. மின்வாரியத்தின் கட்டணக் கணிப்பானில் முதலில் 350 போடுங்கள், பிறகு 650 போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் காரின் எரிபொருள் செலவு. எங்கள் வீட்டில் இப்படிக் கணக்கிட்டும், அதே தூரத்துக்கான பெட்ரோல் செலவில் மூன்றில் ஒரு பங்கைக்கூட அது எட்டவில்லை. அந்த எண்ணைப் பார்த்தபின்தான் துணிந்து முன்பணம் கட்டினேன்.

நம் மாவட்டத்தில் பலருக்குச் சொந்தக் காம்பவுண்டும் போர்டிகோவும் இருப்பது பெரிய வசதி. சென்னையில் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இது எளிதில் வாய்க்காது. வண்டிக்கென்று தனி லைன் இழுத்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஓட்டு வீடுகளில் இதை விட்டுவிடவே கூடாது. 3.3 கிலோவாட் சார்ஜரில் 30 யூனிட் பேட்டரி நிரம்ப ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும், இரவில் போட்டால் காலையில் தயார். குளச்சல் போன்ற இடங்களில் சந்துக்குள் வீடு இருந்து வண்டி தெருவில் நிற்கிறது என்றால் மின்சாரக் கார் இப்போதைக்கு வேண்டாம். சிறிய பெட்ரோல் கார் எடுங்கள்.

படி 5: மேட்டில் ஓட்டிப் பாருங்கள்

ஷோரூமிலிருந்து சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டி அனுப்பிவிடுவார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். கல்குளம், விளவங்கோடு பக்கம் சாலை முழுக்க ஏற்றமும் இறக்கமும்தான். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில், வீட்டார் அனைவரையும் ஏற்றி, ஏசியும் போட்டு, மேட்டின் நடுவில் நிறுத்தி மறுபடி எடுத்துப் பாருங்கள்.

குறிப்புத் தாளில் குதிரைத் திறனை விட்டுவிட்டு டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பும் இழுவிசை, இன்ஜினின் எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்று பாருங்கள். மாருதியின் நான்கு சிலிண்டர் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 113 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 4,400 சுற்றில் தருகிறது. ஹூண்டாயின் 1 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் இன்ஜின்) 172-ஐ 1,500 சுற்றிலேயே தருகிறது. மேட்டில் முதலாவது வண்டிக்குக் கியரைக் குறைத்து மிதிக்க வேண்டும், இரண்டாவது அதே கியரில் இழுத்துவிடும். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு டர்போ தேவையில்லை, மிதித்தால் பெட்ரோல் குடிக்கும். அருமனை, கடையாலுமூடு பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு டர்போவைத்தான் சொல்வேன்.

பின்சேர்க்கை: வளைகுடாவில் வேலை செய்யும் வாசகர்கள் கேட்டது

முதலில் எழுதியபோது இதை நான் சேர்க்கவில்லை, கேட்டவர்கள் பலர். ஆண்டில் ஒரு மாதம் ஊருக்கு வந்து ஓட்டிவிட்டு, மீதி மாதமெல்லாம் வண்டி வீட்டில் நிற்கும் என்றால் எது நல்லது?

சாதாரண பெட்ரோல், டர்போ இல்லாதது. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் ஊரில் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தினால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்க வாய்ப்பு உண்டு. புறப்படும் முன் டேங்கை நிரப்பிவிட்டுப் போங்கள், உள்ளே காற்றுக்கு இடம் குறையும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் இ20 எரிபொருளுக்கு ஏற்றதா என்று கையேட்டில் பாருங்கள்.

வீட்டில் இருக்கும் தம்பியோ மச்சானோ வாரம் ஒருமுறை இன்ஜினைக் கிளப்பி ஐந்து நிமிடம் விட்டு அணைப்பது பலன் தராது. அதில் பேட்டரியும் நிரம்பாது, ஆயிலும் சூடாகாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டச் சொல்லுங்கள். ஓட்ட ஆள் இல்லையென்றால் பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றிவிட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டுப் போங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் பிரேக் ஒட்டிக்கொள்ளும்.