ஓப்பன் பேக் ஹெட்போன் மாற்றும் முன்

செங்கோட்டைப் பக்கம் ஜூன், ஜூலையில் சாரல் பிடித்துவிட்டால், கிண்ணத்தின் பின்பக்கம் திறந்திருக்கும் ஓப்பன் பேக் ஹெட்போனில் பாட்டோடு மழையும் கேட்கும். விலை கூடியதை வாங்கினாலும் இது மாறாது.

மற்றபடி புதியதையும் பழையதையும் ஒப்பிடும்போது இரண்டிலும் சத்தத்தை ஒரே அளவில் வையுங்கள். ஒன்றில் சத்தம் கொஞ்சம் கூடினாலே காதுக்கு அதுதான் உசத்தி என்று தோன்றும். கடையில் பலர் ஏமாறுவது இங்கேதான். நன்றாகப் பழகிய தவில் பதிவு ஒன்றும் குரல் பாட்டு ஒன்றும் போதும். சென்ஹைசர் எச்டி 600 போன்ற மின்மறுப்பு கூடிய (300 ஓம்) மாடலைப் போனில் நேரடியாகச் செருகினால் சத்தம் போதாமல் போகலாம். ஒலியைக் கூட்டித் தரும் சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அப்புறம், காது மெத்தை நைந்தாலே ஒலி மாறிவிடும். முதலில் அதை மாற்றிப் பாருங்கள், செலவு அதோடு முடிந்தாலும் முடியும்.